இலகுக் காரின் சுருள்வில்லும் வாங்குவோன் உரிமையும்

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பிலே, மாந்தை மேற்குப் பிரிவில், வயலும் காடும் குளமுமாக விரிந்து கிடக்கும் பெரியமடுவின் குடும்பங்களில் பல, 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்து, 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் சிறிது சிறிதாக மீளக் குடியேறியவை. அவர்களுட் சிலர் இன்றும் இரண்டு ஊர்களிலும் வீடும் உறவும் வைத்திருப்பதால், அவர்களுடைய சிறு கார் ஒரே பயணத்தில் மெதவாச்சி வழியே செல்லும் வழவழப்பான காப்பெற் வீதியையும், பள்ளமடுச் சந்தியில் திரும்பிய பின் எதிர்ப்படும் கிரவல் ஒழுங்கைகளையும் கடந்தாக வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட விஷயம் அத்தகைய காரின் சஸ்பென்ஷனைப் பற்றியது. அதாவது, சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையில் நின்று அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்வில்லையும், அவ்வில்லின் ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபரையும் மாற்றியமைப்பதில் உள்ள அபாயங்களையும், அவ்வேலையில் ஏமாற்றப்பட்டவனுக்குச் சட்டம் வகுத்திருக்கும் பரிகாரங்களையும் பற்றியது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருஷங்களில் புதுக் கார் வாங்க இயலாதவர்கள் பழைய காரையே பழுதுபார்த்தும் அலங்கரித்தும் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். இளைஞர்களோ, அல்ரோ, சுவிஃப்ற் போன்ற இலகு வண்டிகளைத் தாழ்த்தி, பெரிய அலோய் சக்கரம் பூட்டி, அவற்றை ஸ்போர்ட்ஸ் கார்களின் தோற்றத்துக்குக் கொண்டுவர விரும்பினார்கள். அந்த விருப்பத்தை நான் குறை கூறவில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிய தேசம் இது. வளைவிலே சாயாமல் செல்லும் காரை ரசிப்பது மனித சுபாவம். ஆனால் இலகு காருக்கு ஏற்ற சஸ்பென்ஷன் எது என்ற கேள்விக்குக் கராஜ்களில் சாதாரணமாகக் கிடைக்கும் விடை, அதாவது "இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் சரி" என்பது, பெரும்பாலும் பிழையான விடையென்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

இலகு ஸ்போர்ட்ஸ் கார் என்னும் கருத்தையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஆங்கிலேயப் பொறியியலாளர் கொலின் சாப்மன், 1962இல் வெளியிட்ட லோட்டஸ் எலான் என்னும் ஏறக்குறைய 680 கிலோ நிறையுள்ள காருக்கு, அக்காலத்துப் பந்தயக்காரர்கள் எதிர்பார்த்தபடி விறைத்த வில்லைப் பூட்டாமல், மென்மையான வில்லும், நெடிது அசைய இடமும், அந்த அசைவை நன்கு அடக்கும் சொக் அப்சோபரும் வைத்தார். அக்காரின் வளைவுத் திறனை அறுபது வருஷங்கள் கழிந்த பின்னும் நிபுணர்கள் பிரமாணமாகக் காட்டுகிறார்கள். காரணம் எளிது. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில்தான் பிரேக்கும் ஸ்ரியரிங்கும் பயன்படும். பாரம் குறைந்த உடலின் கீழே வில் விறைப்பாக இருந்தால், மேட்டைத் தாண்டும் சக்கரத்தைத் திரும்பத் தரையில் அழுத்துவதற்கு மேலே போதிய பாரம் இல்லாமையால், கார் முழுதுமே துள்ளும்.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு சக்கரத்தின் மேல் 175 கிலோ பாரம் தாங்கும் இலகு காருக்கு, மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் விறைப்புள்ள வில்லைப் பூட்டினால், உடல் வினாடிக்கு ஏறத்தாழ 1.7 தடவை அசையும். இது சாதாரணக் காருக்குரிய 1 முதல் 1.5 வரையிலான அளவைச் சற்றே கடந்த, ஸ்போர்ட்ஸ் காருக்கு இசைந்த அசைவு. அதே இடத்தில் பாரமான காருக்கென்று செய்யப்பட்ட 40 நியூற்றன் வில்லைப் பூட்டினால் அசைவு 2.4 தடவையாக ஏறும். மட்டமான பந்தயத் தளத்துக்கு அது பொருந்தலாம், கிரவல் வீதிக்குப் பொருந்தாது. கம்பியின் தடிப்பும் ஏமாற்றக் கூடியது: பார்வைக்குச் சமமாகத் தோன்றும் இரண்டு சுருள்களில் ஒன்றின் கம்பி 10 மில்லிமீற்றரும் மற்றதன் கம்பி 11 மில்லிமீற்றருமானால், ஏனைய அளவுகள் ஒன்றாயிருப்பினும், இரண்டாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்புடையது. ஆகவே கையில் எடுத்துப் பார்த்து "ஒரே மாதிரித்தான்" என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்தல் தகாது.

இலகு காருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 700 கிலோ காரில் இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறி 150 கிலோ கூடினால், அதன் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஒரே கணத்தில் அதிகரித்துவிடுகிறது. 1,500 கிலோ காரிலோ அதே பாரம் பத்திலொரு பங்குதான். தனியே ஓட்டிப் பார்த்து நன்றாக இருந்த வில், குடும்பத்தோடு புத்தளம் புறப்படும் நாளில் அடிமுட்டும். தாழ்த்தப்பட்ட காரில் அசைவதற்கு எஞ்சியிருக்கும் இடம் மிகச் சிறிது. அந்த இடமும் முடிந்து உடல் ரப்பர் தடுப்பில் மோதும் கணத்தில், சக்கரத்தின் பிடி திடீரென்று அற்றுப்போகும், அதுவும் வளைவின் நடுவிலே, மாடு குறுக்கே வந்து பிரேக் மிதிக்கும் வேளையிலே நேர்வதற்கு இடமுண்டு.

கிரவல் வீதிகளில் வாகனம் ஓடி ஓடி உண்டாகும் குறுக்கு வரம்புகளை எல்லோரும் அறிவோம். அவ்வரம்புகள் முக்கால் மீற்றர் இடைவெளியில் இருக்கும் வீதியில், மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் செல்லும் காரின் சக்கரம், வினாடிக்கு 13 தடவைக்கு மேல் உதைபடுகிறது. காரின் சக்கரங்கள் இயல்பாகவே துள்ளும் கதி வினாடிக்குப் 10 முதல் 15 தடவை வரையில் இருப்பதால், அந்த வேகத்தில் உதையும் துள்ளலும் ஒன்றுசேர்ந்து, சக்கரம் தரையில் இருக்கும் நேரத்தைவிட அந்தரத்தில் இருக்கும் நேரம் மிகுந்துவிடுவதும் உண்டு. இதை அடக்குவது வில் அன்று, நல்ல சொக் அப்சோபர்; இதை மிகுவிப்பது பாரமான பெரிய அலோய் சக்கரம். எனவே கையில் இருக்கும் பணத்தை எதிலே முதலில் செலவிடுவது என்று யாராவது கேட்பாராயின், புதிய சொக் அப்சோபர், தேய்ந்த புஷ்களுக்கும் போல் ஜொயின்ற்களுக்கும் பதிலாகப் புதியவை, காருக்கு விதித்த அளவில் நல்ல ரயர் என்பனவற்றிலேதான் என்று சொல்வேன். விறைத்த வில்லும் தாழ்த்துதலும் அவற்றுக்கு மிகவும் பிந்தியவை.

தாழ்த்துவதற்குச் சிலர் கையாளும் மலிவான யுக்தி, உள்ள சுருளையே வெட்டிச் சிறிதாக்குவது. அசையும் சுற்று ஆறுள்ள வில்லில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்திலொரு பங்கு கூடுகிறது, உயரமோ குறைகிறது. அதனால் அடிமுட்டும் அபாயம் நீங்குவதில்லை. காஸ் சுவாலையால் வெட்டினாலோ, உருக்குக்கு உலையிலே ஊட்டிய பதம் அந்த இடத்தில் கெட்டு, நாளடைவில் வில் அங்கேயே முறியும். நுனியைத் தட்டையாக்காமல் வெட்டிய சுருள் தன் ஆசனத்தில் சரியாக அமராது; குழியில் சக்கரம் முழுதும் தொங்கும்போது நழுவி விலகியும்விடும். இங்கே உப்புக் காற்றும் சேர்கிறது: மேற்பூச்சு உரிந்த சுருளைக் கடலோர ஈரம் அரித்து, வெடிப்பு உண்டாவதற்கு வழி திறக்கிறது. வெட்டிய வில்லை நான் எந்நிலையிலும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழைய உதிரிப்பாகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து வாங்கி வரப்படும் ரீகண்டிஷன் சொக் அப்சோபர்கள், புறத்தே கறுப்புப் பூச்சுடன் புதியனபோல் விளங்கினும், உள்ளே எண்ணெய் குறைந்ததா, வாயு கசிந்ததா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. இணையாக இரண்டும் ஒரே நிலையில் இருத்தல் அவசியம். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாகப் பூட்டிய கார் பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கமாக இழுக்கும். எந்த மாற்றத்தின் பின்னும் வீல் அலைன்மென்ற் செய்து, பழைய அளவும் திருத்திய அளவும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்வது செலவன்று, சேமிப்பு.

இனிச் சட்டம். நம் நாட்டில் தனியார் காருக்கு வருடாந்த வருமான உத்தரவுப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கப்படுகின்றன. லொறிக்கும் பஸ்ஸுக்கும் கேட்கப்படும் தகுதிச் சான்றிதழ் தனியார் காருக்குக் கேட்கப்படுவதில்லை. ஆகையால் வெட்டிய வில்லோடும் கசிந்த சொக் அப்சோபரோடும் ஒரு கார் வருஷக் கணக்கில் சட்டப்படி உத்தரவு பெற்று ஓடலாம். அதன் அடியை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. இது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம். அதற்காகப் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை: 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வீதியிற் செல்வோருக்கு ஆபத்து விளைக்கும் நிலையிலுள்ள வாகனத்தைச் செலுத்துவது குற்றம், பதிவேட்டிலுள்ள விவரங்களைப் பாதிக்கும் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிப்பதும் உரிமையாளரின் கடமை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக உதிரிகளை அகற்றச் சொல்லிப் பொலிஸார் தொடங்கிய நடவடிக்கையின் பின், மாற்றங்களைப் பற்றிய கண்காணிப்பு முன்னிலும் மிகுந்திருக்கிறது.

லீசிங்கில் எடுத்த காருக்கு முழு உரிமையாளர் நிதி நிறுவனமே; அதன் எழுத்துமூலமான சம்மதமின்றி மாற்றம் செய்வதை ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடுக்கின்றன என்பதால், கைச்சாத்திட்ட தாளை ஒருமுறை எடுத்து வாசிப்பது நலம். காப்புறுதியோ பூரண நம்பிக்கையின் மேல் நிற்கும் உடன்படிக்கை. காரைத் தாழ்த்தியதை அறிவிக்காமல் இருந்தவர் விபத்தின் பின் நஷ்டஈடு கோரும்போது, நிறுவனம் அந்த மறைப்பையே காரணமாகக் காட்டி மறுக்கலாம். ஒரு பக்கக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிவிட்டால் அந்த வாதம் எழாது. நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்திலே முறையிட்டு, அங்கே பரிகாரம் கிடைக்காவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனையோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையோ நாடலாம்.

பொருளிலும் வேலையிலும் ஏமாற்றப்பட்டவருக்கு இரண்டு சட்டங்கள் துணை நிற்கின்றன. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இன்ன காருக்கு, இன்ன தேவைக்கு என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கிய பொருள், அத்தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை, வாய்விட்டுச் சொல்லாவிடினும் உட்கிடையாக ஏற்கிறது. ஆகவே கடையில் வாய்மூடி நில்லாமல், காரின் மாதிரி, ஆண்டு, நிறை, ஓடும் வீதி ஆகியவற்றைச் சொல்லி, அவற்றைப் பற்றுச்சீட்டிலும் குறிக்கச் செய்ய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமோ, கேட்ட மாத்திரத்தில் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரியைக் கட்டாயப்படுத்துகிறது. பழையதைப் புதியதென்று சொல்லி விற்பதைத் தடுக்கிறது. சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டுமென்ற உத்தரவாதத்தை, கராஜ் வேலைக்கும் பொருந்துமாறு, விதிக்கிறது.

இங்கேதான் பலர் உரிமையை இழக்கிறார்கள். அதிகார சபைக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். "பொறுங்கோ தம்பி, வாற கிழமை செய்து தாறன்" என்று கராஜ்காரர் தவணை சொல்லச் சொல்ல, நாணத்தாலும் உறவாலும் காத்திருந்து மூன்று மாதமும் கழிந்துபோன பின், கையில் பற்றுச்சீட்டு இருந்தும் பயனில்லை. எனவே தவணை கேட்பவரிடம் தவணை கொடுக்கலாம், ஆனால் அந்தக் காலத்தை நாட்காட்டியில் குறித்துவைத்து, இரண்டாவது மாதம் முடியுமுன்னரே முறைப்பாட்டை அனுப்பிவிட வேண்டும். விசாரணையில் குற்றம் நிலைபெற்றால், நஷ்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. 1977 என்பது அதன் தொலைபேசி இலக்கம். வடக்கு மாகாணத்தில் நிருவாகம் தமிழில் நடப்பது அரசியலமைப்பு வகுத்த முறையாதலால், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

அயலவரான மெக்கானிக்கோடு வழக்குக்குப் போக மனமில்லாதவர்களுக்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை ஏற்ற வழி. அங்கே வக்கீல்கள் ஆஜராவதில்லை, இரு தரப்பாரும் நேருக்கு நேர் பேசி உடன்படலாம். நீதிமன்றம் செல்வது தவிர்க்க முடியாததாயின், வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. எவ்வழியில் சென்றாலும் கேட்கப்படும் முதற் கேள்வி ஆதாரத்தைப் பற்றியதே: பற்றுச்சீட்டு, அலைன்மென்ற் தாள், முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள், இவற்றோடு காரிலிருந்து கழற்றிய பழைய சுருள்களும் சொக் அப்சோபர்களும். கழற்றியவை உரிமையாளரின் சொத்து. அவற்றைக் கராஜிலேயே பழைய இரும்புக்கு விட்டுவராமல், சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று மாதமும் கடக்கும் வரையில் மழை படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.