'டெய்ஸி' என்று கூப்பிட்டால்...

டெய்ஸி என்றால் நமக்கு ஏதோ கான்வென்ட் டீச்சர் ஞாபகம்தான் வரும். இங்கிலாந்தில் அது புல்தரையில் யாரும் விதைக்காமலே முளைக்கிற குட்டிப் பூ. நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் வெள்ளை இதழ். நம்ம சாமந்திக்குச் சொந்தக்காரி. பொழுது சாய்ந்தால் இதழை மூடிக்கொள்ளும், விடிந்தால் விரிக்கும். அதனால் பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்று பெயர். அதுதான் தேய்ந்து டெய்ஸி!

1865-ல் வந்த 'ஆலிஸ்' கதை இந்தப் பூவில்தான் ஆரம்பம். மாலை கோக்கலாம், ஆனால் எழுந்து போய்ப் பறிக்கணுமே என்று ஆலிஸ் சோம்பல்படும்போதுதான் வெள்ளை முயல் ஓடுகிறது.

குழந்தைகள் பறிக்கிற பூ. ஆகவே ஒருவரை 'டெய்ஸி' என்றால் சூதுவாது தெரியாத ஆத்மா என்று அர்த்தம். ஆம்பளையைக் கூப்பிட்டால்? சார்லஸ் டிக்கன்ஸ் கூப்பிட வைத்தார்! 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' (1850) நாவலில் பணக்காரப் பள்ளித்தோழன் ஸ்டியர்ஃபோர்த், வளர்ந்துவிட்ட டேவிட்டுக்கு வைக்கிற செல்லப்பெயர் அது. பையனுக்கோ பெருமை தாங்கவில்லை. யார்மத் கடற்கரையில், தன்னை அன்பாக வைத்திருந்த மீனவக் குடும்பத்திடம் நண்பனைத் தானே அழைத்துப் போகிறான். அந்த வீட்டுப் பெண் எமிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கொஞ்ச நாளில் ஸ்டியர்ஃபோர்த் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான்! அப்புறம் முதலிலிருந்து படித்துப் பாருங்கள். 'டெய்ஸி' என்று அவன் கூப்பிடும் இடமெல்லாம் 'ஏமாளி' என்றே காதில் விழும். எனக்கு விழுந்தது.

ஹென்றி ஜேம்ஸின் 'டெய்ஸி மில்லர்' (1878) அமெரிக்கப் பொண்ணு. ரோமில் ஒரு இத்தாலியனோடு ஊர் சுற்றுகிறாள். இவள் வெகுளியா, வேஷமா என்று கடைசிவரை மண்டையைக் குடைந்துகொள்பவன் பெயர் வின்டர்போர்ன். பெயரிலேயே குளிர்காலம்! இருட்டியதும் மூடிக்கொள்ள வேண்டிய பூ, ராத்திரியில் கொலோசியம் பார்க்கப் போகிறது. காய்ச்சல் வந்து செத்தும் போகிறது. வெகுளிதான் என்று அவனுக்கு விளங்குவது கல்லறைப் பக்கத்தில்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) கதாநாயகியும் டெய்ஸிதான். வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள்... அதாவது தங்கம். அவள் கார் ஓட்டி ஒருத்தியைக் கொல்கிறாள். பழியைத் தலையில் போட்டுக்கொண்ட கேட்ஸ்பி சுடப்பட்டுச் சாகிறான். அவன் சவ அடக்கத்துக்கு அம்மணி வரவில்லை. ஒரு வரி தகவல் இல்லை. ஒரு பூகூட அனுப்பவில்லை.