ஆற்றைக் காத்த குளமும் காற்றில் போன எரிவாயுவும்

செம்பனை (பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை) ஆலைக் கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது மலேசியாவுக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் பெரும்பகுதி வீணாவது ஏன்? எண்ணெய்ப் பனைச் சாகுபடியில் இறங்கியிருக்கும் இந்தியாவுக்கு இதில் என்ன பாடம்?

செம்பனைக் குலையை வெட்டிய நேரத்திலிருந்தே அதன் எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்கும். அதனால் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆலையை நகரத்தில் வைத்துக்கொண்டு குலையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. மலேசியாவின் சுமார் 450 ஆலைகளும் தோட்டத்தை ஒட்டியும் தோட்டத்துக்கு நடுவிலும் எழுந்தது இதனால்தான். சபா, சரவாக் மாநிலங்களில் பல ஆலைகள் ஊரைவிட்டு வெகு தொலைவில், செம்பனைக் காட்டுக்குள் நிற்கின்றன.

ஆலைக்குள் நுழைந்த குலை முதலில் வேகிறது. ஏறத்தாழ 140 டிகிரி நீராவியில் ஒன்றரை மணி நேரம் வெந்தால்தான் நொதி அடங்கும். பழமும் குலையிலிருந்து கழன்று வரும். பிறகு பழத்தை உதிர்த்து, மசித்து, பிழிகிறார்கள். பிழிந்த சாற்றில் வெந்நீர் கலந்து எண்ணெயைத் தெளிய வைக்கிறார்கள். நாரும் கொட்டை ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. பருப்பு தனியாக விலைபோகிறது. வெற்றுக் குலை தோட்டத்துக்கே உரமாகத் திரும்புகிறது. எல்லாம் போக மிஞ்சுவது தண்ணீர். ஒரு டன் குலையில் கிடைக்கும் எண்ணெய் ஏறத்தாழ 200 கிலோ. வெளியேறும் கழிவுநீர் சுமார் 650 லிட்டர்.

பழுப்பு நிறத்தில், 80 டிகிரிக்கு மேல் கொதிப்புடன், புளித்த நெடியோடு வெளியேறும் நீர் இது. 95 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் நாரும் சதையும் பிரிக்க முடியாமல் தங்கிய கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். ஆலையில் ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் இது நஞ்சு இல்லை. ஆனால் ஆற்றில் விட்டால் அந்த ஆறு மூச்சுத் திணறும். ஒரு கழிவை மக்கவைக்கும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்ஸிஜனை உறிஞ்சும் என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். வீட்டுச் சாக்கடை நீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவுநீரில் சுமார் 25,000.

ஆற்றுக்கு வந்த சட்டம்

மலாயாவில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு ரப்பர்தான் ராஜா. 1960-களில் ரப்பர் விலை சரியத் தொடங்கியபோது, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகப் பால் வெட்டிய மரங்கள் சாய்க்கப்பட்டு அந்த இடத்தில் செம்பனை எழுந்தது. பால் வெட்டும் கத்தி பிடித்த கைகள் குலை வெட்டவும் உதிரிப் பழம் பொறுக்கவும் பழகின. சாகுபடி பெருகப் பெருக ஆலைகளும் பெருகின. 1970-களில் தீபகற்ப மலேசியாவின் ஆறுகளை மிக அதிகமாகக் கெடுத்த தொழில் என்ற பெயர் செம்பனை ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆற்றை நம்பி மீன் பிடித்தவர்களும் குளித்தவர்களும்தான் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

அப்போது மலேசியா எடுத்த நடவடிக்கை வளரும் நாடுகளில் அரிதானது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆலையை ஒரேயடியாக நெருக்காமல் படிப்படியாக இறுக்கினார்கள். 1978-இல் வெளியேறும் நீரின் பி.ஓ.டி. 5,000-க்குள் இருந்தால் போதும், அடுத்த ஆண்டு 2,000, அதற்கடுத்து 1,000, 1984-இல் 100. எவ்வளவு மாசை வெளியேற்றுகிறார்களோ அதற்கேற்ப உரிமக் கட்டணமும் விதித்தார்கள். எண்ணெய் உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. ஆற்றில் கலந்த மாசு இறங்கிக்கொண்டே வந்தது. தொழிலை முடக்காமல் ஆற்றை மீட்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. அந்த விதிகளை எழுதியவர்களை மதிப்போடு நினைக்க வேண்டும்.

விதியை நிறைவேற்ற ஆலைகள் தேர்ந்தெடுத்த வழி குளம். வரிசையாகக் குளங்களை வெட்டி, கழிவுநீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக நகரவிட்டார்கள். முதல் குளங்கள் ஆழமானவை; அடியில் காற்றே புகாது. ஆக்ஸிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் அங்கே வாரக்கணக்கில் கழிவைத் தின்று தீர்க்கும். கடைசிக் குளத்தைத் தாண்டும்போது நீர் தெளிந்திருக்கும். செலவு குறைவு, பராமரிப்பு எளிது, நிலத்துக்கும் பஞ்சமில்லை. பெரும்பாலான ஆலைகள் இந்த முறைக்கே மாறின.

குளத்தின் மேல் மிதக்கும் குமிழ்கள்

அந்த ஆழக் குளங்களின் கரையில் நின்றால் நீர்ப்பரப்பு இடைவிடாமல் குமிழியிடுவது தெரியும். நம் கிராமங்களின் சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. கொழுப்பும் மாவுச்சத்தும் முதலில் சிறு துண்டுகளாக உடைகின்றன. ஒரு வகை நுண்ணுயிர்கள் அவற்றை அமிலங்களாக்குகின்றன. வேறொரு வகை அந்த அமிலங்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகிறது. ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு வெளிவரும். அதில் ஏறத்தாழ 65 சதவீதம் மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு. எடையில் பார்த்தால் ஏறத்தாழ 12 கிலோ மீத்தேன்.

இந்த 12 கிலோவைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன், அதே எடை கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். ஆனால் காற்றில் அது தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். இன்று வெளியேறுவதைத் தடுத்தால் அதன் பலன் நம் பிள்ளைகளின் இளமைக்குள்ளேயே தெரியும்.

1977-இன் விதிகள் கேட்டது ஒன்றே ஒன்று: ஆற்றுக்குப் போகும் நீர் சுத்தமாக இருக்கிறதா? குளத்துக்கு மேலே என்ன போகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அன்று அறிவும் பரவியிருக்கவில்லை. மாசு நீரிலிருந்து காற்றுக்கு இடம் மாறியது. ஆற்றில் கழிவு கலப்பது குற்றமானது. வானத்தில் மீத்தேன் கலப்பது ஆலையின் விருப்பமானது. இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூடியால் மாறும் கணக்கு

வாயுவைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருக்கும் குளத்தின் மேலேயே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக் கரை சுற்றிலும் இறுக்குவது. வாயு சேரச் சேர அது கருத்த குன்று போல உப்பி எழும். மற்றொன்று, மூடிய எஃகுத் தொட்டி கட்டி உள்ளே கலக்கிக்கொண்டே இருப்பது. இதற்கு இடம் குறைவாகப் போதும், வேலையும் விரைவில் முடியும், செலவு கூடுதல்.

எதுவானாலும் கவனம் வேண்டும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, எளிதில் முறுக்கிக்கொள்பவை. கொதிக்கும் கழிவுநீரை ஆறவைத்துத்தான் விட வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் அமிலம் தேங்கும், மீத்தேன் நின்றுபோகும், மறுபடி உயிர்ப்பிக்க வாரங்கள் பிடிக்கும். வாயுவோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வருகிறது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இந்த வாயு எஞ்சினின் உலோகத்தை அரிக்கும். மூடிய இடத்தில் மனித உயிரையே வாங்கிவிடும். அதை நீக்கிச் சுத்தம் செய்த பிறகே வாயு எஞ்சினுக்குப் போகலாம்.

பலன் எவ்வளவு? ஆண்டுக்கு 2 லட்சம் டன் குலை பிழியும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் 1,30,000 கன மீட்டர். அதிலிருந்து வாயு 36 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 2 யூனிட் என்று வைத்தால் 70 லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம். மாதம் 300 யூனிட் செலவிடும் ஏறத்தாழ 2,000 வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் இது போதும். வாயு எடுத்த பிறகும் அந்த நீரில் பொட்டாசியமும் நைட்ரஜனும் அப்படியே இருப்பதால் மரங்களுக்கு உரமாகவும் பாய்ச்சலாம்.

2009-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறை ஒரு கணக்கு கொடுத்தது. பாமாயிலிலிருந்து எடுக்கும் டீசல், சாதாரண டீசலைவிட பூமியைச் சூடாக்கும் வாயுவை எவ்வளவு குறைக்கும்? சாதாரண ஆலையின் எண்ணெய் என்றால் 19 சதவீதம். மீத்தேனைப் பிடிக்கும் ஆலையின் எண்ணெய் என்றால் 56 சதவீதம். காடழிப்பின் பாரம் இந்தக் கணக்கில் இல்லை; அதை எந்த மூடியும் மறைத்துவிட முடியாது. ஆனாலும் அதே மரம், அதே பழம், அதே எண்ணெய். குளத்தை மூடியதால் மட்டும் இவ்வளவு வேறுபாடு.

கம்பி எட்டாத தூரம்

இவ்வளவு நன்மை இருந்தும் தயக்கம் ஏன்? ஆலைக்கு இந்த மின்சாரம் தேவையில்லை என்பதுதான் முதல் பதில். நாரையும் ஓட்டையும் எரித்தே ஆலை தன் நீராவியையும் மின்சாரத்தையும் உண்டாக்கிக்கொள்கிறது. எரிவாயு மின்சாரம் அதற்கு உபரி. உபரியை விற்க வேண்டுமானால் மின்தொடரில் சேர்க்க வேண்டும். மின்தொடரோ பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. குலை கெடக் கூடாதென்று தோட்டத்துக்குள் வைத்த ஆலைக்கு அந்த இருப்பிடமே இங்கே தடையாகிறது. கம்பி இழுக்கும் செலவு ஆலையின் தலையில் விழுந்தால் கணக்கு உதைக்கும். போதாததற்கு, குலை வரத்து மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். வாயுவும் அதோடு ஏறி இறங்கும்.

அரசு முயலாமல் இல்லை. 2010-இல் அறிவித்த பொருளாதாரத் திட்டத்தில், 2020-க்குள் எல்லா ஆலைகளிலும் எரிவாயுக் கலன் என்பதை இலக்காக வைத்தது. 2011-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் கொண்டுவந்து, இத்தகைய மின்சாரத்துக்கு உறுதியான கொள்முதல் விலை கொடுத்தது. 2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளுக்கும் மீத்தேன் பிடிப்பதைக் கட்டாயமாக்கியது. கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின்படி மீத்தேனைக் குறைத்ததற்கு விற்கக்கூடிய கார்பன் வரவை நம்பியும் சில ஆலைகள் கலன் கட்டின. 2012 வாக்கில் அந்தச் சந்தை சரிந்து அவற்றைக் கைவிட்டது. 2020 வந்தபோது கலன் அமைத்த ஆலைகள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பழைய ஆலைகளுக்குக் கட்டாயம் இல்லாததும், லாபம் வந்தால் செய்யலாம் என்று விட்டதும்தான் முக்கியக் காரணம்.

கம்பி எட்டாவிட்டாலும் வழி இருக்கிறது. சிலாங்கூரின் சுங்கை தெங்கி ஆலையில் 2015-இல் மலேசியச் செம்பனை வாரியமும் கூட்டு நிறுவனங்களும் இந்த வாயுவைச் சுத்திகரித்து, அழுத்தி, லாரியில் ஏற்றித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையத்தைத் தொடங்கின. ஆலை ஓடாத நேரத்தில் ஓடும் டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாகவும், தொழிலாளர் குடியிருப்பின் விளக்குகளுக்கும் இதைப் பயன்படுத்தலாம். எதற்கும் உதவாதபோது கொளுத்திவிட்டால்கூட மீத்தேன் கார்பன் டை ஆக்ஸைடாக மாறிக் கேடு பெருமளவு குறையும். கம்பி இல்லை என்பது மின்சாரம் விற்காததற்குக் காரணமாகலாம். குளத்தைத் திறந்து வைப்பதற்குக் காரணமாகாது.

இந்தியா இப்போதே எழுத வேண்டிய விதி

உலகில் பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. தமிழ்நாட்டில் ரேஷன் கடைப் பாமாயில் பல லட்சம் வீடுகளின் தாளிப்பு எண்ணெய். அந்தக் குளங்களின் குமிழில் நமக்கும் பங்கு உண்டு. இப்போது நாமே பயிரிடவும் இறங்கிவிட்டோம். 2021-இல் 11,040 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட தேசிய எண்ணெய்ப் பனை இயக்கம், 2029-30-இல் ஆண்டுக்கு 28 லட்சம் டன் கச்சா பாமாயில் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கை எட்டினால் கூடவே ஏறத்தாழ 90 லட்சம் கன மீட்டர் கழிவுநீர் வரும்.

நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஆந்திரத்தின் பெதவேகி, தெலங்கானாவின் அஸ்வராவுபேட்டை போன்ற இடங்களில் ஆலைகள் விவசாயக் கிராமங்களுக்கு நடுவே இருக்கின்றன. மின்கம்பியும் நெடுஞ்சாலையும் எட்டும் தூரத்தில் உள்ளன. அழுத்திய எரிவாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ள 2018 முதலே மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளில் சில, கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துக் காட்டியிருக்கின்றன. தொழில்நுட்பம் நமக்கு அந்நியம் இல்லை.

2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கும் உறுதிமொழியில் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. நெல்லும் மாடும் வளர்க்கும் சிறு விவசாயிகள் மீது பாரம் விழக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் எண்ணெய் ஆலை சிறு விவசாயி இல்லை. கட்டும்போதே மூடிய கலனோடு கட்டச் சொல்வது யார் வயிற்றிலும் அடிப்பதாகாது.

திறந்த குளத்தை வெட்டிவிட்டுப் பிறகு மூடச் சொல்லிக் கெஞ்சும் நிலைக்கு நாம் போக வேண்டியதில்லை. மூடிய கலன் இல்லாத ஆலைக்கு உரிமம் இல்லை என்று முதல் நாளே எழுத வேண்டும். வாயுவுக்கு நிலையான விலை தர வேண்டும். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மீத்தேனைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆற்றில் கழிவு விடாதே என்று சொல்லும்போது ஆலையின் லாபத்தை யாரும் கேட்பதில்லை. வானத்துக்கும் அதே நியாயம்தான்.