குவின்வர் எவன்சும் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியும்

வேல்ஸ் நாட்டின் மொழி அரசியலில் குவின்வர் எவன்ஸ் (1912–2005) தனியிடம் பெற்றவர். பாரி என்னும் துறைமுக நகரில் பிறந்த அவருக்கு வெல்ஷ் வீட்டு மொழியன்று. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் இளமையில் அதனை முயன்று கற்றார். பிற்காலத்தில் அம்மொழிக்காக உயிர்துறக்கவும் முன்வந்தவர் அதனைத் தாய்மொழியாகப் பெற்றவர் அல்லர் என்பது சமூக மொழியியலார் கருதத்தக்கது.

அபரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்போர்டிலும் சட்டம் பயின்ற எவன்ஸ், தக்காளி பயிரிட்டு வாழ்ந்தார். 1945 முதல் 1981 வரை பிளைட் கம்ரி கட்சிக்குத் தலைமை தாங்கினார். 1966 ஜூலை 14ஆம் நாள் கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். வெல்ஷ் மொழியில் உறுதிமொழி ஏற்க அவர் விடுத்த வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 1970இல் தோற்றார், 1974 பிப்ரவரியில் மூன்றே வாக்குகளில் வெற்றியை இழந்தார், அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் வென்று, 1979இல் தோற்றார்.

எனினும் அவருடைய பெரும்பணி நாடாளுமன்றத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 1901 கணக்கெடுப்பில் மக்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் வெல்ஷ் பேசினர். 1981இல் இது 19 விழுக்காடாகச் சுருங்கிற்று. பள்ளியிலும் வழிபாட்டிடத்திலும் ஒரு மொழி நிலைபெற்றிருப்பினும், வீட்டின் மாலைப்பொழுதைப் பிறமொழி கைப்பற்றுமாயின், குழந்தைகளிடம் அதன் வழக்கு தளர்கின்றது. தொலைக்காட்சி அம்மாலைப்பொழுதைக் கைப்பற்றியிருந்தது. ஆதலின் வெல்ஷ் மொழிக்கெனத் தனி அலைவரிசை வேண்டுமென்னும் கோரிக்கை வலுப்பெற்றது. 1979 தேர்தலில் பழமைவாதக் கட்சியும் அதற்கு வாக்களித்தது. ஆட்சியேறிய சில திங்களிலேயே அதனைக் கைவிட்டு, வெல்ஷ் நிகழ்ச்சிகளை இரு அலைவரிசைகளில் பகிர்ந்தளிக்கப் போவதாக அறிவித்தது. பகிர்ந்தளித்தல் நடுநிலையானதாகத் தோன்றும். நடைமுறையில் அது சிறுபான்மை மொழியை ஆங்கிலத்தின் இடைவெளிகளில் ஒதுக்குவதேயாகும்.

பலர் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மறுத்தனர். 1980 மே மாதத்தில் எவன்ஸ், அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். அவர் வெற்றுரை பேசுபவர் அல்லர் என்பதை அரசும் அறிந்திருந்தது. செப்டம்பர் 17ஆம் நாள் அரசு பணிந்தது. நோன்பு தொடங்கப்பெறாமலே வென்றது. 1982 நவம்பர் 1ஆம் நாள் எஸ் ஃபோர் சி அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கிற்று.

அலைவரிசையின் பயனை எண்ணிக்கை கொண்டு மட்டும் மதிப்பிடுதல் எளிதன்று. 2001இல் வெல்ஷ் பேசுவோர் 21 விழுக்காட்டை நெருங்கினர். 2021இல் 18 விழுக்காட்டிற்கும் கீழிறங்கினர். 2001ஆம் ஆண்டின் உயர்வு பெரிதும் பள்ளிச் சிறாரிடையே காணப்பட்டதாகும்.