மோட்டன் பள்ளி: மாணவர் வேலைநிறுத்தமும் ஐந்தாண்டுப் பூட்டும்

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. பிரௌன் வழக்கு என்று நாம் அறிந்திருக்கும் அத்தீர்ப்பு, நான்கு மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகளை ஒன்றாகச் சேர்த்து அளிக்கப்பட்டது. அவற்றுள் வர்ஜீனியா வழக்கைத் தொடங்கிவைத்தவர்கள் பள்ளி மாணவர்கள். ஃபார்ம்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அவர்களுடைய தம்பி தங்கைகளே பின்னர் அத்தீர்ப்புக்கு மிகக் கொடிய விலையையும் கொடுத்தனர்.

ஃபார்ம்வில், பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியின் தலைமையிடம். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பள்ளிகளுக்கான வரியை விதிப்பதும் அதன் நிர்வாகக் குழுவே. கறுப்பின மாணவர்களுக்கென 1939இல் இங்கு ராபர்ட் ரூசா மோட்டன் உயர்நிலைப் பள்ளி கட்டப்பட்டது. 180 பேருக்கான கட்டடம் அது. 1951இல் அங்கு 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். உடற்பயிற்சிக் கூடமோ உணவுக் கூடமோ அறிவியல் ஆய்வகமோ இல்லை. ஒரே அரங்கில் பல வகுப்புகள் ஒரே நேரத்தில் நடந்தன. இடப் பற்றாக்குறைக்குக் கவுண்டி கண்ட தீர்வு, தார் பூசிய காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகள். மழையில் ஒழுகும், குளிர்காலத்தில் அடுப்பருகே இருப்பவர் வெந்து போவார், தள்ளி இருப்பவர் நடுங்குவார். அதே ஊரில் வெள்ளையின மாணவர்களின் பள்ளியில் மேற்சொன்ன வசதிகள் யாவும் இருந்தன. 1896 முதல் நடைமுறையிலிருந்த ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்னும் சட்டக் கோட்பாடு தரையில் இப்படித்தான் இருந்தது.

பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபின் தலைமையில் பெற்றோர் கல்வி வாரியத்திடம் புதிய கட்டடம் கேட்டு மீண்டும் மீண்டும் முறையிட்டனர். வாரியம் காலம் கடத்தியது. இந்நிலையில்தான் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, நம்பிக்கைக்குரிய சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மறைவாகத் திட்டமிட்டார். 1951 ஏப்ரல் 23 அன்று, மாணவர்கள் சிலர் பேருந்து நிலையத்தில் சிக்கலில் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பினர். அவர் பெயரிலேயே குறிப்பு அனுப்பி அனைவரையும் அரங்கில் கூட்டினர். மேடையில் நின்றிருந்தவர் பார்பரா. ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். அது இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர்கள் முதலில் கேட்டது ஒரு நல்ல கட்டடம் மட்டுமே. அவர்கள் உதவி நாடிய கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகிய இருவரும், மாணவர்களைப் பள்ளிக்குத் திரும்பச் சொல்லும் எண்ணத்துடனேயே வந்தனர். பிள்ளைகளின் உறுதி அவர்களை மாற்றியது. ஆயினும் ஒரு நிபந்தனை வைத்தனர்: சமமான கட்டடம் கேட்டு வழக்குத் தொடுக்க மாட்டோம், நிறப்பிரிவினையையே ஒழிக்கக் கேட்பதானால் வருகிறோம். மாணவர்களும் பெற்றோரும் இசைந்தனர். நம் பார்வையில் இப்போராட்டத்தின் திருப்புமுனை இதுவே. கட்டடம் என்பது ஆதிக்கத்தால் கொடுத்துவிடக் கூடிய ஒன்று. உண்மையிலேயே 1953இல் புதிய மோட்டன் பள்ளி கறுப்பினத்தவருக்குக் கட்டித்தரப்பட்டது. பிரிவினை அப்படியே நீடித்தது.

1951 மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கலாயிற்று. ரிச்மண்டில் கூடிய மூவர் அமர்வு 1952இல் அதைத் தள்ளுபடி செய்து, வசதிகளைச் சமமாக்கினால் போதும் என்றது. மேல்முறையீட்டில்தான் அது பிரௌன் வழக்குடன் இணைந்தது. தலைமையாசிரியர் வேலை இழந்தார். பாதுகாப்புக் கருதி பார்பரா, அலபாமாவின் மாண்ட்கோமரியில் இருந்த தம் தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன் அங்கே டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் போதகராக இருந்தவர் அவர்.

தீர்ப்பு வந்தும் பிரின்ஸ் எட்வர்டில் எதுவும் மாறவில்லை. அதை எத்தனை நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று 1955இன் தொடர் தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்கவில்லை. 1959 செப்டம்பருக்குள் இணைத்தாக வேண்டும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கவுண்டி நிர்வாகக் குழு பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கவே மறுத்தது. பொதுப் பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டன. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் கழகம் ஒன்று உடனே தயாராயிற்று. சில காலம் அரசு உதவித்தொகையும் வரிச் சலுகையும் அதற்குப் பாய்ந்தன. (கட்டணம் செலுத்த இயலாத ஏழை வெள்ளையினக் குழந்தைகள் சிலரும் கல்வியிழந்தனர். ஆதிக்கம் தன் இனத்து ஏழையையும் பொருட்படுத்துவதில்லை.)

கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்குப் பள்ளியே இல்லாமற்போயிற்று. தேவாலயங்களின் கீழ்த்தளங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன. உயர்வகுப்பினர் சிலரை வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி ஏற்றுக்கொண்டது. சிலரைக் குவேக்கர் அமைப்பு வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. மற்றவர் வயலுக்கும் வேலைக்கும் போயினர். கறுப்பினத்தவருக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக வெள்ளையினர் முன்வந்தபோது, ஏறத்தாழ ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஏற்றிருந்தால் வழக்கின் அடிப்படையே கரைந்துபோயிருக்கும். அதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். தம் பிள்ளைகளின் ஆண்டுகள் கழிவதையும் அவர்கள் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தனர். இவ்விரண்டையும் ஒருங்கே சுமந்த அம்மக்களின் முடிவை எளிதில் புகழ்ந்து கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை.

1963 செப்டம்பரில், கென்னடி அரசின் ஆதரவோடும் தனியார் நன்கொடையோடும் ‘இலவசப் பள்ளிகள்’ திறக்கப்பட்டன. எழுத்தே அறியாத பத்து வயதுப் பிள்ளைகளும் அங்கு வந்து சேர்ந்தனர். 1964 மே 25 அன்று, பாதிரியார் கிரிஃபினின் குடும்பப் பெயர் தாங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற கவுண்டிகளில் பொதுப் பள்ளிகள் நடக்க இங்கு மட்டும் அவற்றைப் பூட்டி, தனியார் வெள்ளையினப் பள்ளிக்குப் பொதுப்பணம் தருவது சமப் பாதுகாப்பை மறுப்பதே என்றது. வரி விதித்துப் பள்ளிகளைத் திறக்குமாறு கவுண்டிக்கு ஆணையிடவும் கீழமை நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு என்றும் தெளிவுபடுத்தியது. பள்ளிகள் திறந்தன. வெள்ளையினப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தனியார் கழகத்திலேயே தங்கிவிட்டனர். கறுப்பின மாணவர்க்கு அதன் கதவு 1980களில்தான் திறந்தது.

1939இன் பழைய கட்டடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. பள்ளிகள் பூட்டப்பட்டதால் கல்வியிழந்தவர்கள் படிப்பைத் தொடர்வதற்காக வர்ஜீனியா சட்டமன்றம் 2004இல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தை ஏற்படுத்தியது. 1959இல் பத்து வயதாக இருந்தவருக்கு அவ்வாண்டில் வயது 55.