4 பேர், 4 பொத்தான்... யார் முந்துவது?

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் அறிவுப் பந்தயத்துக்கு அணி உருவாகும் விதம்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு வீரர்களுக்கு மவுசு அதிகம். கால்பந்து ஆடும் மாணவன் என்றால் ஊரே கை தட்டும். கூடைப்பந்து ஆடும் மாணவி என்றால் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும்.

புத்தகமும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு?

அவர்களுக்கும் ஒரு பந்தயம் இருக்கிறது. அதன் பெயர் "குவிஸ் பவுல்". அதாவது, அறிவுப் பந்தயம்! இதற்கும் அணி உண்டு. பயிற்சி ஆசிரியர் உண்டு. வெற்றிக் கோப்பையும் உண்டு.

இதற்குப் புதிதாக ஓர் அணியை உருவாக்க மேதைகள் வேண்டுமா? வேண்டாம். ஆசையுள்ள நாலு பிள்ளைகளும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.

வானொலியில் பிறந்தது

1953-ம் ஆண்டு அமெரிக்க வானொலியில் "காலேஜ் பவுல்" என்ற நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டு கல்லூரிகளின் மாணவர்கள் மோதுவார்கள். 1959-ல் அது தொலைக்காட்சிக்கு வந்தது. 1970 வரை நடந்தது.

அதில் ஒரு நாள் நடந்த போட்டியை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். 1966-ம் ஆண்டு. ஒரு பக்கம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். உலகப் புகழ் பெற்றது. அப்போது அது ஆண்கள் படிக்கும் இடம். இன்னொரு பக்கம் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஆக்னஸ் ஸ்காட் என்ற சின்னஞ்சிறு பெண்கள் கல்லூரி. அந்தக் கல்லூரியின் 4 மாணவிகளில் ஒருவர் கண் பார்வை இல்லாதவர்.

போட்டி கடைசி நொடி வரை போனது. முடிவு? 220-க்கு 215. வென்றது பெண்கள் கல்லூரி!

பள்ளிப் பிள்ளைகளுக்கு 1961-ல் வாஷிங்டன் நகரத் தொலைக்காட்சியில் ஒரு போட்டி தொடங்கியது. மிக நீண்ட காலம் நடந்த தொலைக்காட்சி வினாடி-வினா என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அது இடம் பெற்றது.

இன்று தொலைக்காட்சி இல்லாமலேயே அமெரிக்கா முழுவதும் இந்தப் பந்தயம் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தேசியப் போட்டிகளும் உண்டு.

ஆட்டம் எப்படி?

ஓர் அணிக்கு 4 பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொத்தான். இதை "பஸ்ஸர்" என்கிறார்கள். யார் முதலில் அழுத்துகிறாரோ, அவருடைய விளக்கு எரியும். மற்றவர்களின் பொத்தான் வேலை செய்யாது.

கேள்வி படிப்பவர் படிக்கத் தொடங்குவார். முடியும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. பதில் தெரிந்தால் நடுவிலேயே அழுத்தலாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது.

சரியான பதிலுக்கு 10 புள்ளி. பல போட்டிகளில், மிக முன்னதாகச் சொன்னால் 15 புள்ளி. அவசரப்பட்டுத் தவறாகச் சொன்னால் 5 புள்ளி போய்விடும்!

சரியாகச் சொன்ன அணிக்குப் பரிசாக மேலும் 3 சின்னக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இதற்கு மட்டும் நாலு பேரும் கூடிப் பேசலாம்.

கேள்வி அமைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் வரி மிகக் கடினமாக இருக்கும். போகப் போக எளிதாகும். இதோ, ஓர் உதாரணம்:

"முதல் உலகப் போரில் இவர் எக்ஸ்-ரே கருவி பொருத்திய மோட்டார் வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். இவருடைய மகளும் 1935-ல் நோபல் பரிசு பெற்றார். தான் கண்டுபிடித்த ஒரு தனிமத்துக்குத் தன் தாய்நாடான போலந்தின் பெயரைச் சூட்டினார். 1903-லும், 1911-லும் நோபல் பரிசு பெற்றார். ரேடியத்தைக் கண்டுபிடித்த இந்தப் பெண் விஞ்ஞானி யார்?"

மேரி கியூரி! ரேடியம் என்ற சொல் வந்ததும் பலருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்த பிள்ளை முதல் வரியிலேயே அழுத்தி விடுகிறது. மேலோட்டமாகப் படித்தவரைவிட ஆழ்ந்து படித்தவர் முந்துகிறார்.

முதல் வேலை

புதிய அணி தொடங்க விரும்பும் ஆசிரியர் முதலில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெறுகிறார். பிறகு பிள்ளைகளைத் திரட்டுகிறார். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளைகளை மட்டும் கூப்பிடுகிறார்கள்.

முதல் மார்க் வேறு, பல விஷயம் அறியும் ஆர்வம் வேறு. கணக்கில் சுமாரான பையன் பழைய போர்களைப் பற்றிப் பிளந்து கட்டுவான். வகுப்பில் வாயே திறக்காத பெண் கிரேக்கப் புராணக் கதைகளை ஒன்று விடாமல் சொல்வாள். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பாடங்களையும் பங்கு பிரிக்கிறார்கள். ஒருவருக்கு இலக்கியம், ஒருவருக்கு விஞ்ஞானம், ஒருவருக்கு சரித்திரம், ஒருவருக்கு ஓவியமும் இசையும். எல்லாவற்றையும் ஒருவரே படிக்க முடியாது. நாலு பேர் சேர்ந்தால் முடியும்!

செலவு எவ்வளவு?

பொத்தான் கருவி வாங்கச் சில நூறு டாலர் ஆகும். புதிய அணிக்கு அது பெரிய தொகை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மேஜையைத் தட்டினால் போதும். யார் முதலில் தட்டினார் என்று ஆசிரியர் பார்த்துக் கொள்கிறார்.

கேள்விகளுக்குக் காசு வேண்டாம். பழைய போட்டிகளின் கேள்விகள் ஆயிரக்கணக்கில் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதன்முறை வரும் பள்ளிக்குப் பல போட்டிகளில் நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள்.

ஆசிரியருக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். பதில் தாளிலேயே அச்சாகி இருக்கிறது! தெளிவாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நோட்டுப் புத்தகம்

வாரம் 2 நாள், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் பயிற்சி. ஆசிரியர் கேள்வி படிக்கிறார். பிள்ளைகள் தட்டுகிறார்கள். தவறினால் யாரும் சிரிக்கக் கூடாது. இது முதல் விதி. ஒரு முறை சிரித்துவிட்டால், கூச்சப்படும் பிள்ளை மறுபடி கையை நீட்டாது.

இரண்டாவது விதி, நோட்டுப் புத்தகம். தெரியாத பதில் வந்தால் உடனே குறித்துக் கொள்ள வேண்டும். இரவில் அதைப் பற்றி ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். ஒரே பெயர்கள் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும். இன்று தவறிய கேள்வி வேறு உருவத்தில் மறுபடி வரும். அப்போது கை தானாக முந்தும்.

வெறும் பெயர்ப் பட்டியலை நெட்டுருப் போட்டால் ஓரளவுதான் பயன். கதையைப் படித்தவருக்குக் கதாபாத்திரம் மறப்பது இல்லை. ஓவியத்தைப் பார்த்தவருக்கு அதன் நிறம் மறப்பது இல்லை.

எப்போது அழுத்துவது என்பதையும் பழக வேண்டும். அவசரக்காரருக்கு நிதானம் சொல்லித் தருகிறார் ஆசிரியர். தயங்குபவருக்குத் துணிச்சல் ஊட்டுகிறார். பின்னதுதான் கடினம்! பதில் நாக்கு நுனியில் இருக்கும். தவறாகிவிடுமோ என்ற பயத்தில் கை நகராது. அதற்குள் எதிரணி சொல்லிவிடும். "5 புள்ளி போனால் போகட்டும், அழுத்து" என்று ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தை, அந்தப் பிள்ளையின் பயத்தை நீக்கும்.

முதல் தோல்வி

போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கும். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல அணிகள் கூடும். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் ஆட்டம் நடக்கும்.

புதிய அணி என்ன ஆகும்? தோற்கும்! பல ஆண்டு பழகிய பள்ளிகள் கேள்வியின் இரண்டாவது வரியிலேயே அழுத்திவிடும். புதியவர்கள் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள். "இனி வரமாட்டோம்" என்று பிள்ளைகள் சொல்வது இந்த நேரத்தில்தான். பல அணிகள் இங்கேயே கலைந்து விடுகின்றன.

கெட்டிக்கார ஆசிரியர் இதை முன்பே சொல்லி வைக்கிறார். புதியவர்களுக்கு என்றே எளிய கேள்விகளோடு நடக்கும் போட்டிக்கு முதலில் அழைத்துப் போகிறார். வெற்றி-தோல்வியை மட்டும் பார்க்காமல், "போன ஆட்டத்தில் 3 கேள்வி, இந்த ஆட்டத்தில் 5 கேள்வி" என்று கணக்குக் காட்டுகிறார்.

இந்தப் பந்தயத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஓர் ஆட்டத்தில் தோற்றதும் வீட்டுக்கு அனுப்பி விடுவது இல்லை. காலையில் பல ஆட்டங்கள் ஆடலாம். பிற்பகலில் பல இடங்களில் சம பலம் உள்ள அணிகளைப் பிரித்து மோத விடுகிறார்கள். காலையில் எல்லாவற்றிலும் தோற்ற அணி, மாலையில் ஒன்றிரண்டில் வெல்லலாம். அந்த ஒரு வெற்றி போதும். அடுத்த பயிற்சிக்கு எல்லோரும் வந்து விடுவார்கள்!

இன்னொரு ஆபத்து

அணி வளர்ந்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும். கோப்பை வரும். மற்ற மூவரும் சும்மா இருப்பார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி 4 ஆண்டுகள்தான். அந்தப் பிள்ளை படிப்பு முடிந்து போனதும் அணியும் போய்விடும்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கீழ் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு என்று இரண்டாவது அணி வேண்டும். பெரிய பிள்ளைகள் கேள்வி படிக்க, சின்னப் பிள்ளைகள் மேஜையைத் தட்ட வேண்டும்.

கோப்பை அலமாரியில் தூசி படிந்து கிடக்கலாம். ஆனால் பழைய மாணவி விட்டுச் சென்ற நோட்டுப் புத்தகத்தைப் புதிய மாணவன் ஒருவன் எடுத்துப் புரட்டினால், அந்த அணி நிலைத்துவிட்டது என்று பொருள்!