தெமியார் மக்களின் கனவுப் பாட்டு

கோலாலம்பூரிலிருந்து பெந்தோங் நோக்கி மலையேறிச் செல்லும் பழைய கோம்பாக் சாலையில், பூர்வகுடி மக்களுக்கென்றே அமைந்த ஒரு மருத்துவமனையும் ஓர் அருங்காட்சியகமும் உண்டு என்பதை ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாழும் நம்மவரில் பலர் அறிந்திருக்கலாம். ஆனால், பேராக், கிளந்தான் மலைக்காடுகளில் வாழும் தெமியார் மக்களின் பெயரைச் சொல்லித்தான், மனிதனின் கனவைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் பேசப்பட்ட கதைகளுள் ஒன்று உலகெங்கும் பரவிற்று என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அக்கதை 1934-ல் தொடங்குகிறது. தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தில் இனவியல் ஆய்வாளராக இருந்த பேட் நூன் என்னும் ஆங்கிலேயர், தெமியார் மொழியைக் கற்று, அம்மக்களுள் ஒரு பெண்ணையே மணந்து, அவர்களோடு ஒருவராக வாழ்ந்தவர். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1943-ல், அந்தக் கானகத்திலேயே மாண்டுபோனவர். அவரோடு காட்டுக்குள் சென்று, 1938-ல் மறுமுறையும் வந்துபோன கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர், தாம் கண்டதாகக் கருதியவற்றை 1951-ல் மலாயாவின் கனவுக் கொள்கை பற்றிய ஒரு கட்டுரையாக வெளியிட்டார். தெமியாரும் அவர்களுக்கு உறவான செமாய் முதலியோரும் செனோய் என்ற பொதுப்பெயரால் அழைக்கப்படுவதால், உலகம் அதைச் செனோய்க் கனவுக் கொள்கை என்றே வழங்கிற்று.

அவர் தீட்டிய சித்திரம் மிக ரம்மியமானது. பொழுது விடிந்ததும் வீட்டார் காலை உணவுக்குக் கூடி அமர்ந்து, இரவில் கண்டதைக் குழந்தைகளைச் சொல்லச் செய்து, தகப்பனும் தமையன்மாரும் பொறுமையாகக் கேட்டு அறிவுரை கூறுவார்களாம். உயரத்திலிருந்து விழுவதாகக் கனவு கண்டு அலறிய பிள்ளைக்கு, அடுத்த முறை அஞ்சி விழித்துக்கொள்ளாமல், விழுவதையே பறப்பதாக மாற்றிக்கொண்டு, போய்ச் சேரும் இடத்திலிருந்து ஒரு பாட்டையோ ஆட்டத்தையோ ஊருக்குக் கொண்டுவரும்படி கற்பிப்பார்களாம். புலி துரத்தினால் திரும்பி நின்று எதிர்க்க வேண்டுமாம். தோழனை அடித்ததாகக் கனவு கண்டவன், விழித்தெழுந்ததும் அவனுக்கு ஏதேனும் பரிசளித்துச் சமாதானம் செய்துகொள்ள வேண்டுமாம். இவ்வாறு பழகியதன் பயனாகவே, இருநூறு முந்நூறு ஆண்டுகளாக அம்மக்களிடையே கொடிய குற்றமோ போரோ நிகழ்ந்ததில்லை என்றும் அவர் எழுதினார்.

வியட்நாம் போரினால் மனம் கசந்திருந்த அமெரிக்க இளைஞர்களுக்கு இது அமுதம்போல் இருந்தது. 1969-ல் சார்லஸ் டார்ட் தொகுத்த நூலிலும், 1974-ல் பாட்ரிஷியா கார்ஃபீல்ட் எழுதிய நூலிலும் ஸ்டூவர்ட்டின் கருத்துகள் இடம்பெற, கனவைக் கூடிப் பேசும் குழுக்கள் பல ஊர்களில் தோன்றின. ஆனால், செமாய் மக்களோடு 1960-களில் வாழ்ந்து அவர்களை ஆராய்ந்த ராபர்ட் டென்டன் போன்றோர் அங்கே அத்தகைய காலைக் கனவு வகுப்பு எதையும் காணவில்லை. வில்லியம் டாம்ஹாஃப் 1985-ல் வெளியிட்ட நூலில் சான்றுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, ஸ்டூவர்ட் சொன்ன முறை அம்மக்களுடையதன்று, பெரும்பாலும் அவர் தம் மனத்தில் விளைந்ததே என்று நிறுவினார்.

ஸ்டூவர்ட்டைப் பொய்யர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நனவிலி மனம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு, அவர் எழுதிய கனவுகளைக் காட்டிலும் அவரே தக்க உதாரணம் என்று தோன்றுகிறது. சிக்மண்ட் ஃபிராய்ட் 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் நூலில், நாம் நமக்கே ஒப்புக்கொள்ளாத ஆசைகளும் அச்சங்களும் உறக்கத்தில் வேஷமிட்டு வருகின்றன என்றும், பல மனிதர்கள் ஒரே முகத்தில் கலந்து நிற்பதும், பெரிய துயரம் அற்பப் பொருளொன்றின் மேல் ஏறி உட்காருவதும் அந்த வேஷத்தின் வகைகள் என்றும் விளக்கினார். மறு ஆண்டே, வாய் தவறி வரும் சொல்லிலும், மறந்துபோகும் பெயரிலும், கைதவறிய காரியத்திலும் அதே சக்தி தொழிற்படுவதைக் காட்டினார். 1910-ல் அவர் சொன்னது இன்னும் முக்கியமானது: நோயாளியின் பேச்சைக் கேட்கும் மருத்துவரின் உள்ளத்திலும் நனவிலி மனம் உண்டு, தம்முடைய மறைவான உணர்ச்சிகளை அவர் அறியாவிடில், தம் மனத்தையே பிறர் வாயில் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஃபிராய்டின் முடிவுகள் அனைத்தையும் இன்று ஏற்பாரில்லை. 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் விரைந்தசையும் ஒரு நிலை உண்டென்றும், அப்போது எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவை நினைவுகூர்ந்து சொல்கிறார்கள் என்றும் கண்டனர். ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொருமுறை அந்நிலை திரும்புகிறது. உணர்ச்சிகளை ஆளும் மூளைப்பகுதி அந்நேரத்தில் உக்கிரமாக இயங்க, சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளையின் சில பகுதிகள் ஓய்ந்திருக்கின்றன. ஆதலால்தான், இறந்தவர் எதிரே வந்து நின்று பேசும்போதும் நமக்கு அது அதிசயமாகத் தோன்றுவதில்லை. 1977-ல் ஹாப்சனும் மெக்கார்லியும், மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டுதல்களை மூளை கதையாகக் கோத்துக்கொள்வதே கனவு என்றனர். அப்படியே கொண்டாலும், அவரவர் கதையை அவரவர் கவலையைக் கொண்டுதான் கோக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சிலப்பதிகாரம் படித்தவர்கள் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. கனாத்திறம் உரைத்த காதையில், கணவனோடு ஒரு பெருநகரம் புகுந்ததையும், அங்கே தன்மேல் அடாப்பழி வந்ததையும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததையும், தான் மன்னன்முன் வழக்குரைத்ததையும் கண்ணகி சொல்லிக்கொண்டே வந்து, அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த தீங்கை விரித்துரைக்காமல் சுட்டிவிட்டு, முடிவில் தாங்கள் அடைந்த நற்பேற்றையும், சொன்னால் சிரிப்புக்கிடமாகும் என்று நிறுத்திக்கொள்கிறாள். கேட்டவள் யார்? கணவனாயிருந்த பாசண்டச் சாத்தன் தன்னைப் பிரிந்துபோன பின், அவன் கோட்டத்தில் நாள்தோறும் வழிபட்டு வரும் தேவந்தி. ஊரழிவையும் அரசன் கேட்டையும் சுட்டிய அக்கனவில், கணவன் பிரிந்த துயரம் ஒன்றே அவள் செவியில் விழுகிறது. குளங்களில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடலாம் என்கிறாள். கண்ணகி அதைத் தகாதென்று மறுத்துவிடுகிறாள். அன்பினால் சொல்லப்பட்டதே ஆயினும், தேவந்தியின் பரிகாரம் தேவந்தியின் நோய்க்கு உரியது.

நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். காலஞ்சென்ற தாத்தா கனவில் வந்து வெறுங்கையோடு வாசலில் நின்றார் என்று பாட்டி சொன்னால், அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் கள்ளும் வைத்து ஒருவர் படையல் போடச் சொல்வார். இன்னொருவர் தாத்தாவின் வீட்டு எண்ணைக் கேட்டு நாலு நம்பர் எடுக்க ஓடுவார். படையலைக் குறைகூற மாட்டேன். மாண்டவருக்குச் செய்யத் தவறியதைச் செய்ய அது வழிதருகிறது, சமைக்கும்போதே பாட்டி அழுது தீர்க்கிறாள். நம்பர் எடுப்பதோ, தாத்தா ஏன் வெறுங்கையோடு நின்றார் என்ற கேள்வியைப் பாட்டியிடம் கேட்கவே விடுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது.

தெமியார் மக்கள் மெய்யாகச் செய்துவருவது யாது என்பதை, 1980-களின் தொடக்கத்தில் அவர்களோடு வாழ்ந்த இசை ஆய்வாளர் மரீனா ரோஸ்மன் விரிவாக எழுதியிருக்கிறார். உறங்கும்போது தலையிலுள்ள ஆன்மா வெளியே உலவப் போகிறது. வழியில் ஒரு பழமரமோ மலையோ நீரோட்டமோ உயிருருக்கொண்டு எதிர்ப்பட்டு, உறவு கொண்டாடி, ஒரு பாட்டைக் கற்றுத்தருகிறது. அதைப் பெற்றவர் இரவுச் சடங்கில் அப்பாட்டின் ஓரடியைப் பாட, மூங்கிற் குழாய்களைக் கட்டையில் இடித்துத் தாளமிடும் பெண்கள் அவ்வடியையே ஏற்றுத் திரும்பப் பாடுகின்றனர். இரவு முழுவதும் ஓரடிக்கு ஓரடியாக அது நீள்கிறது. நோயுற்றவரின் நோய் தீர்ப்பதும் அப்பாட்டினாலேயே. காலையில் தந்தை குழந்தையைத் திருத்துவதாக ஸ்டூவர்ட் எழுதிய காட்சிக்கும் இதற்கும் எத்தனை தூரம்! இங்கே கேட்பவர்கள் பொருள் கூறுவதில்லை. வந்த அடியை வந்தவாறே ஏந்திக்கொள்கிறார்கள்.

ஸ்டூவர்ட் விரும்பியதில் ஒரு துளி உண்மையாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். பேரி கிராக்கவ் என்னும் மருத்துவரும் துணைவர்களும், பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஓயாத தீக்கனவுகளால் உறக்கமிழந்த பெண்களுக்கு ஒரு பயிற்சியளித்து, அதன் பலனை 2001-ல் வெளியிட்டனர். விழித்திருக்கும்போதே தீக்கனவொன்றை எடுத்துக்கொண்டு, தான் விரும்பும் வகையில் அதை மாற்றி, மாறிய கனவை நாள்தோறும் சில நிமிஷம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பதே பயிற்சி. அதைச் செய்தவர்களுக்குத் தீக்கனவுகள் வெகுவாகக் குறைந்தன. புலியை எதிர்க்கும்படியோ, விழுவதைப் பறத்தலாக்கும்படியோ அங்கே யாரும் அவர்களுக்குக் கட்டளையிடுவதில்லை. துரத்துபவனைச் சிறு பிள்ளையாக்குவதோ, பூட்டிய கதவைத் திறந்துவைப்பதோ, சுவரின் நிறத்தை மட்டும் மாற்றுவதோ, எதை மாற்றுவது என்பதைக் கனவு கண்டவளே தீர்மானிக்கிறாள்.