பட்டனை அமுக்கினார், இன்டர்நெட் போச்சு!
ஒன்றரை நாள் தவித்த ஜெராக்ஸ் கடைக்காரர்

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கல்லூரி விண்ணப்பம், ரெயில் டிக்கெட் என்று காலையிலேயே கூட்டம் நிற்கும்.

அன்று கடை திறந்ததும், ரவுட்டர் பெட்டியின் செட்டிங் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார் கடைக்காரர். "புதிய பர்ம்வேர் வந்துள்ளது" என்று அறிவிப்பு. நல்லதுதானே என்று பட்டனை அமுக்கினார். ஐந்தே நிமிடம். பெட்டியில் விளக்கு எரிந்தது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை!

பழைய செட்டிங் அத்தனையும் அழிந்துவிட்டது. இணைப்புக் கம்பெனி கொடுத்த யூசர் பெயர், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. விண்ணப்பம் போடக் கடைசி நாள் என்று வந்த மாணவி, பதறி அடித்துக்கொண்டு எதிர்க் கடைக்கு ஓடினார். ஒன்றரை நாள் கழித்துத்தான் கம்பெனிப் பையன் வந்தார்.

"ஏண்ணே, பேக்கப் எடுத்து வைக்கலையா?"

"அப்படின்னா என்னப்பா?" என்று விழித்தார் கடைக்காரர்.

சும்மா விடலாமா?

பர்ம்வேர் என்பது ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் புரோகிராம். அதில் ஓட்டை தெரிந்தால், தயாரித்த கம்பெனி அதை அடைத்துப் புதுசு வெளியிடும்.

'நமக்கேன் வம்பு' என்று விட்டால் அது பெரிய வம்பு! 2018 மே மாதம் 'வி.பி.என்.பில்டர்' என்ற கள்ளப் புரோகிராம் பிடிபட்டது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர் முதலிய பெட்டிகளில் அது புகுந்திருந்தது. பெட்டியை அணைத்துப் போடும்படியும், பர்ம்வேரைப் புதுப்பிக்கும்படியும் அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரித்தது.

ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் முறையோடு!

என்ன செய்வது?

* பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். மாடல், வெர்ஷன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எண் மாறினாலும் அந்த பர்ம்வேர் உங்களுக்கு ஆகாது.

* பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று போட்டால் பெரும்பாலான ரவுட்டர்கள் திறக்கும். 'பேக்கப்' பட்டனை அமுக்கி, வரும் பைலைப் பென் டிரைவில் வையுங்கள். அதில் பாஸ்வேர்டு இருக்கும். கண்டவர் கையில் கொடுக்காதீர்கள்.

* சில பெட்டிகளில் பழைய பேக்கப், புது பர்ம்வேரில் ஏறாது. எனவே யூசர் பெயர், பாஸ்வேர்டு, வைபை பெயர் எல்லாவற்றையும் தாளிலும் எழுதுங்கள்.

* தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் மட்டுமே பர்ம்வேரை இறக்குங்கள். பெட்டி இணைப்புக் கம்பெனி கொடுத்ததா? அவர்களை முதலில் கேளுங்கள்.

* வைபை வேண்டாம். கேபிள் போட்டுச் செய்யுங்கள். பாதியில் கரண்டு போனால் பெட்டியே செத்துப்போகலாம். யு.பி.எஸ். இருந்தால் அதில் மாட்டுங்கள். முடியும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்!

* எல்லாம் முடிந்ததும் 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டு இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மொத்தம் அரைமணி நேர வேலைதான்.

திருவல்லிக்கேணி கடைக்காரர் இப்போது உஷாராகிவிட்டார். அவர் கல்லாவில் காசுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று பத்திரமாக இருக்கிறது. "காசு போனா நாளைக்குச் சம்பாதிக்கலாம் சார். இந்தச் சீட்டு போனா கடையே நின்னுடும்" என்கிறார்.